ஒத்திக்காசு திரும்பி வந்தது, வீடு போனது: தேனியில் நிலத்தை ஊரே வாங்கி வைக்க முடியுமா?

காலை நாலரை மணிக்கு தேனி, போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கம் நின்று பார்த்திருக்கிறீர்களா? தூக்குச்சட்டியும் தலையில் கட்டிய துண்டுமாகப் பெண்கள் ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். போடிமெட்டு வழியாக, கம்பம்மெட்டு வழியாக, குமுளி வழியாக இடுக்கி மாவட்ட ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற ஜீப். ஐந்து நிமிஷம் தாமதமானால் அன்றைக்குக் கூலி கிடையாது.

என் அத்தை இருபது வருஷமாக இந்த ஜீப்பில்தான் போகிறார். அல்லிநகரத்தில் ஒரு காம்பவுண்ட் வீட்டில், மூன்று லட்ச ரூபாய் ஒத்திக்கு இருந்தார். போன வருஷம் வீட்டுக்காரர் வந்து காசை முழுசாக எண்ணிக் கொடுத்துவிட்டார். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை, சண்டையும் இல்லை. இடத்தை இடித்துக் கடை கட்டப் போகிறாராம்.

"காசு கையில இருக்குடா. ஆனா இதே காசுக்கு ஒத்திக்கு வீடு எங்க இருக்கு? எல்லாம் அஞ்சு, ஆறுங்குறாங்க" என்றார் அத்தை. இப்போது ஊருக்கு வெளியே, பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி மாத வாடகைக்கு இருக்கிறார். ஜீப் அங்கே வராது. விடியும் முன்னே அரை மணி நேரம் நடந்து வந்து ஏற வேண்டும்.

யாரும் அவரை விரட்டவில்லை. புல்டோசர் வரவில்லை, நோட்டீஸ் ஒட்டவில்லை. ஆனாலும் அவர் தன் தெருவை விட்டு வெளியேறிவிட்டார். 'இடப்பெயர்வு' என்றதும் அணை, நெடுஞ்சாலை, ஆக்கிரமிப்பு அகற்றம் ஆகியவைதான் நமக்கு ஞாபகம் வரும். நிலத்தின் விலையே சத்தமில்லாமல் ஆட்களை வெளியே தள்ளுவதை நாம் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

விலை ஏன் ஏறுகிறது?

ஒத்தி பற்றித் தெரியாதவர்களுக்கு: மதுரை, தேனி பக்கம் பழகிய முறை இது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால், வழக்கமாக மூன்று வருஷம்போல மாத வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்பி வரும். கேட்க நல்ல டீல் மாதிரிதான் இருக்கும். ஆனால் நீங்கள் கொடுத்த மூன்று லட்சம் மூன்று லட்சமாகவே தூங்க, வெளியே ஊர் விலை ஏறிக்கொண்டே போகும். காசு திரும்பி வருகிற அன்றைக்குத்தான் நாம் எவ்வளவு பின்தங்கிவிட்டோம் என்பது தெரியும்.

தேனியில் விலை ஏறக் காரணங்கள் எல்லாமே நல்ல காரணங்கள். அதுதான் இதில் சிக்கல். க.விலக்கில் மருத்துவக் கல்லூரி வந்தது. திண்டுக்கல்–குமுளி சாலையில் ஊர்களைச் சுற்றிப் புறவழிச்சாலைகள் வந்தன. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்று, அகலப்பாதை வேலை பத்து வருஷத்துக்கும் மேல் இழுத்து, ஒருவழியாக 2022 மே மாதம் தேனிக்கு ரயில் திரும்ப வந்தது. 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை நீண்டது. சென்னை சென்ட்ரலிலிருந்தே நேரடி ரயில் கிடைத்தது. மெட்ராஸில் வேலை பார்க்கிற என்னை மாதிரி ஆட்களுக்கு அது தீபாவளி போனஸ் மாதிரி. ரயில் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. அத்தைக்கும்தான்.

இதெல்லாம் அரசுப் பணத்தில், அதாவது நம் வரிப்பணத்தில் நடந்தது. அந்தப் பணத்தால் கூடிய மதிப்பு நிலம் வைத்திருப்பவர் கையில் போய்ச் சேர்கிறது. நிலம் இல்லாதவருக்கு அதே பணம் வாடகை உயர்வாக வந்து சேர்கிறது. தேனி–கம்பம் ரோட்டில் பஸ்ஸில் போனால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வண்ணக்கொடி நட்ட மனைப் பிரிவுகள் தெரியும். சென்ட் விலை கேட்டால் தலை சுற்றும்.

அரசுதான் வீடு கட்ட உதவுகிறதே?

உதவுகிறது. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் குடிசையில் இருக்கும் கிராமக் குடும்பத்துக்கு வீடு கட்ட மூன்றரை லட்ச ரூபாய். 2024-25-ல் மட்டும் ஒரு லட்சம் வீடுகளுக்கு ரூ.3,500 கோடி அறிவிக்கப்பட்டது. நகரங்களில் பிரதமரின் வீட்டுவசதித் திட்டத்தில், தானே வீடு கட்டிக்கொள்வோருக்கு மானியம் இருக்கிறது.

ஆனால் இரண்டுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சொந்த இடம் இருக்கா? பட்டா இருக்கா?" இடம் இருந்தால்தான் வீட்டுக்குக் காசு. செங்கல், சிமென்ட்டுக்கு அரசு உதவும். அதைவிடப் பல மடங்கு விலை ஏறுகிற மண்ணை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒத்தியிலும் வாடகையிலும் இருப்பவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இடம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி அடுக்குமாடிக் குடியிருப்பு. 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு இதைக் கட்டித் தருகிறது. ஊருக்குள் நிலம் கிராக்கி என்பதால் பெரும்பாலும் ஊரின் விளிம்பில்தான் இடம் கிடைக்கும். சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் கதை தெரிந்ததுதான். வீடு கிடைத்தது, வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பல கிலோமீட்டர் தள்ளிப்போனது. சென்னையில் பஸ்ஸாவது உண்டு. இங்கே ஜீப் வராத இடத்தில் வீடு கொடுத்தால் அது வேலையைப் பிடுங்குவதற்குச் சமம்.

சரி, இடத்தையே இலவசமாகக் கொடுத்துவிட்டால்? அதையும் இந்த மாநிலம் செய்து பார்த்திருக்கிறது.

பஞ்சமி நிலம் சொல்லும் பாடம்

1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நிலம் இல்லாததுதான் அவர்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892-ல் அன்றைய சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. நிபந்தனையும் போட்டது: முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது; அதற்குப் பிறகும் அதே பிரிவு மக்களுக்குத்தான் விற்கலாம்; மீறினால் விற்பனை செல்லாது.

காகிதத்தில் இதைவிடப் பலமான பாதுகாப்பு கிடையாது. நடந்தது என்ன? கடனுக்கும், மிரட்டலுக்கும், ஏமாற்றுக்கும் அந்த நிலங்களில் பெரும் பகுதி கை மாறிப்போனது. 1994-ல் செங்கல்பட்டு அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து, ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் இறந்தார்கள். உத்தரவு போட்டு நூறு வருஷத்துக்கு அப்புறமும் ரத்தம் சிந்த வேண்டியிருந்தது.

எங்கே ஓட்டை? நிலம் தனித்தனி ஆள் பெயரில் இருந்தது. நிபந்தனை அரசு கோப்பில் இருந்தது. ஒருவர் நெருக்கடியில் விற்கும்போது "இதை விற்க முடியாது, இது நம்ம எல்லாருக்கும் பொறுப்பான நிலம்" என்று எழுந்து தடுக்க, சட்டப்படி உரிமையுள்ள ஓர் ஊர் அமைப்பு நடுவில் இல்லை. இன்றைக்குத் தருகிற இலவச வீட்டுமனைப் பட்டாவிலும் குறிப்பிட்ட வருஷங்களுக்கு விற்கக் கூடாதென்று எழுதியிருக்கிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் அந்த வரிக்கு என்ன மரியாதை என்று சொல்வார்கள்.

நிலத்துக்கு ஊரே சொந்தக்காரர் என்றால்?

இந்த ஓட்டையை அடைக்கிற யோசனைக்கு ஆங்கிலத்தில் 'கம்யூனிட்டி லேண்ட் ட்ரஸ்ட்' என்று பெயர். தமிழில் சமுதாய நில அறக்கட்டளை எனலாம். விஷயம் சிம்பிள். நிலத்தையும் வீட்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். நிலம் ஒரு அறக்கட்டளை பெயரில் இருக்கும். அதை எந்தக் காலத்திலும் வெளிச்சந்தையில் விற்க முடியாது. அதன்மேல் உள்ள வீடு உங்களுக்குச் சொந்தம். நிலத்துக்கு நீண்ட கால குத்தகை; அதற்கு மிகச் சிறிய கட்டணம். பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். வேறு ஊர் போனால் வீட்டை விற்கலாம். ஆனால் அறக்கட்டளை வகுத்த விலைக்கு, அடுத்து வரிசையில் இருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு.

அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் குடியிருப்பவர்கள், சுற்றுவட்டார ஆட்கள், உள்ளாட்சி போன்ற பொதுத் தரப்பினர் என மூன்று பங்காக ஆட்கள் இருப்பார்கள். தனியாக எவரும் முடிவெடுத்து விற்றுவிட முடியாது.

அமெரிக்காக்காரன் யோசனை, நம்ம ஊருக்கு ஒத்துவருமா என்று கேட்பீர்கள். இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. யோசனை அங்கே போனது இங்கிருந்துதான்.

மதுரை ஜில்லா முதல் ஜார்ஜியா வரை

1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கினார். தனி ஆட்களுக்குக் கிடைத்த தான நிலம் நிலைக்காது என்பது சீக்கிரமே புரிந்தது. அடுத்த கட்டம் கிராமதானம்: ஊரில் உள்ளவர்கள் தங்கள் நில உரிமையைக் கிராமசபைக்கு எழுதிக் கொடுப்பார்கள், உழுவது அவரவர், விற்கிற உரிமை மட்டும் ஊருக்கு. 1956 மே மாதத்திலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் வினோபா தமிழ்நாட்டில் நடந்தார். தமிழ்நாட்டில் கிராமதானம் வேர் பிடித்த இடங்களில் முக்கியமானது அன்றைய மதுரை மாவட்டம். இன்றைய தேனி மாவட்டம் அப்போது அதற்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1996-97-ல். சங்கரலிங்கம் ஜெகநாதனும் கிருஷ்ணம்மாளும் அந்த வேலையின் முதுகெலும்பு. தமிழ்நாட்டில் 1958-ல் பூதான யக்ஞச் சட்டமே வந்தது.

அமெரிக்காவின் ராபர்ட் ஸ்வான், ரால்ஃப் போர்சோடி ஆகியோர் இந்தக் கிராமதான யோசனையால் ஈர்க்கப்பட்டு, 1967-ல் அங்கே ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கினார்கள். அதே நேரம் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகள் வேறொரு சிக்கலில் இருந்தார்கள். ஓட்டுரிமை கேட்டதற்காக, வாரத்துக்கு உழுத நிலத்திலிருந்தும் குடியிருந்த வீட்டிலிருந்தும் வெள்ளைக்கார நிலக்கிழார்கள் அவர்களை வெளியேற்றினார்கள். சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட், ஸ்லேட்டர் கிங் போன்ற சிவில் உரிமைப் போராளிகளும் ஸ்வானும் சேர்ந்து 1969-ல் 'நியூ கம்யூனிட்டீஸ்' அமைப்பை உருவாக்கினார்கள். சுமார் 5,700 ஏக்கர். உலகின் முதல் சமுதாய நில அறக்கட்டளை என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் நமக்கு முக்கியம், ஏனென்றால் அது பொதுப்பணத்தைப் பற்றியது. திட்டமிட மத்திய அரசின் வறுமை ஒழிப்பு அலுவலகம் பணம் தந்தது. செயல்படுத்துவதற்கான பெரிய தொகை, அன்றைய ஜார்ஜியா ஆளுநர் லெஸ்டர் மாடக்ஸின் எதிர்ப்பால் வரவில்லை. முழுக்கக் கடனில் வாங்கிய நிலம். பிறகு வறட்சி. வெள்ளைக்கார விவசாயிகளுக்குக் கிடைத்த அரசு அவசரக் கடன் இவர்களுக்கு இழுத்தடிக்கப்பட்டது. 1985-ல் நிலம் கடனில் மூழ்கிப் போனது. அரசு பாகுபாடு காட்டியது என்று 2009-ல் தீர்ப்பாகி 1.2 கோடி டாலர் இழப்பீடு வந்தது. அந்தப் பணத்தில் 2011-ல், ஒரு காலத்தில் அடிமைகளை வைத்து நடத்திய 1,638 ஏக்கர் தோட்டத்தை அவர்கள் வாங்கினார்கள். ஆனால் முதல் நிலம் போனது போனதுதான்.

ஊர் ஒன்றுசேர்ந்தால் போதும், அரசு எதற்கு என்று சொல்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் காட்டுவேன். அங்கே ஒற்றுமைக்குக் குறைவில்லை. பணம்தான் சரியான நேரத்தில் வரவில்லை.

பணம் நேரத்துக்கு வந்தால் என்ன ஆகும்?

வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் என்று ஒரு சின்ன நகரம். பின்னாளில் அதிபர் தேர்தல் களம் வரை போன பெர்னி சாண்டர்ஸ் அப்போது அங்கே மேயர். ஏரிக்கரை ஓரம் ஊர் வளர வளர பழைய குடியிருப்பின் தொழிலாளர் குடும்பங்கள் வெளியேற வேண்டிவரும் என்ற பயம். 1984-ல் நகராட்சி 2 லட்சம் டாலர் விதைப்பணம் போட்டு நில அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது. அதுதான் இப்போது சாம்ப்ளெய்ன் ஹவுசிங் ட்ரஸ்ட். ஆயிரக்கணக்கான வாடகை வீடுகளும், நூற்றுக்கணக்கான சொந்த வீடுகளும் அதன் கையில் இருக்கின்றன. 2008-ல் உலக வாழ்விட விருது கிடைத்தது.

அவர்கள் விற்பனைக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். உதாரணத்துக்கு, ஒரு வீட்டின் சந்தை மதிப்பு 10 லட்சம். பொது மானியம் நிலத்தோடு ஒட்டிக்கொள்வதால் நீங்கள் 7 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள். பத்து வருஷம் கழித்து சந்தை மதிப்பு 18 லட்சம். ஏற்றம் 8 லட்சம். அதில் கால் பங்கு, 2 லட்சம் உங்களுக்கு. ஆக 9 லட்சத்தோடு நீங்கள் கிளம்பலாம். நீங்கள் வீட்டில் செய்த மராமத்து, மேம்பாட்டுக்குத் தனியாகக் கணக்கு. அடுத்து வருகிற குடும்பம் 18 லட்சம் வீட்டை 9 லட்சத்துக்கு வாங்கும். அரசு புதிதாக மானியம் தர வேண்டியதில்லை. ஒருமுறை போட்ட பணம் தலைமுறைக்கும் அந்த மண்ணிலேயே கிடக்கும்.

நம்ம ஊர் மானியத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தால் அந்தக் குடும்பத்தோடு முடிந்தது. வீட்டை விற்றால் மானியமும் சேர்ந்து சந்தைக்குப் போய்விடும்.

தேனி ரயிலுக்கு இன்னும் நெருக்கமான கதை போர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவான் நகரில் இருக்கிறது. மார்ட்டின் பென்யா என்ற சாக்கடையாகிப்போன கால்வாயின் கரையில் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள். கால்வாயைத் தூர்வாரிச் சுத்தம் செய்ய அரசு முடிவெடுத்தது. நாற்றத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது நல்ல செய்திதானே? ஆனால் அவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள்: தண்ணீர் தெளிந்த மறுநாள் நிலம் தங்கமாகும், நம்மை வெளியே தள்ளுவார்கள். அதனால் தூர்வாரும் முன்பே நிலத்தைப் பூட்டினார்கள். 2004-ல் சட்டம் இயற்றி, சுமார் 200 ஏக்கர் அரசு நிலம் அறக்கட்டளைக்கு மாற வழி செய்தார்கள். 2009-ல் புதிதாக வந்த ஆட்சி நிலத்தைத் திரும்பப் பிடுங்கியது. மக்கள் விடாமல் போராடி 2013-ல் மீட்டார்கள்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் நிலம், பிறகு திட்டம். நாம் ரயில் விட்ட பிறகுதான் வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறோம்.

இந்தியாவில் யாராவது செய்திருக்கிறார்களா?

முழுசாக இதே அச்சில் இல்லை. துண்டு துண்டாக இருக்கிறது.

ஒடிசா 2017-ல் குடிசைப் பகுதி மக்களுக்கான நில உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இருக்கிற இடத்திலேயே உரிமை. வாரிசுக்குச் சேரும், வீட்டுக்கடனுக்கு அடமானம் வைக்கலாம், ஆனால் விற்க முடியாது. அதோடு நிற்காமல், பகுதியில் ரோடு, கால்வாய், விளக்கு வேலைகளைக் குடியிருப்போர் சங்கங்களிடமே பணத்தோடு ஒப்படைத்தது. 'ஜாகா மிஷன்' என்று பெயர். இதுவும் உலக வாழ்விட விருது வாங்கியது. சட்டம் முதலில் குறிவைத்தது பெருநகரங்களை அல்ல, நகராட்சி அளவு ஊர்களை. தேனி–அல்லிநகரம், போடி, கம்பம் எல்லாம் அந்த அளவு ஊர்கள்தான்.

மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் மேந்தா–லேகா கிராமத்தினர் 1964-ம் வருஷ கிராமதானச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்து, 2013-ல் தங்கள் சொந்த நிலங்களைக் கிராமசபைக்கு எழுதிக் கொடுத்தார்கள். செத்துப்போன சட்டம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

தமிழ்நாட்டிலேயே நிலம் வாங்குவதற்குப் பொதுப்பணத்தைத் திரட்டிக் காட்டியவர் கிருஷ்ணம்மாள் ஜெகநாதன். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு தம்பதி இருவரும் கீழத் தஞ்சைக்குப் போனார்கள். தானம் கேட்டுப் பார்த்தார்கள். அது மட்டும் போதவில்லை. 1981-ல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, விற்கத் தயாராக இருந்த நிலக்கிழார்களிடம் மொத்தமாக விலை பேசினார்கள். வங்கிக் கடனும் அரசு நிதிக் கழகக் கடனும் பெற்று, ஒரு பெண்ணுக்கு ஒரு ஏக்கர் வீதம் சுமார் 13,000 ஏக்கர் வாங்கிக் கொடுத்தார்கள். தனியாகப் போயிருந்தால் எந்தக் கூலிப் பெண்ணுக்கும் அந்த விலையும் கிடைத்திருக்காது, கடனும் கிடைத்திருக்காது. அந்த வேலைக்குத்தான் 2008-ல் 'மாற்று நோபல்' எனப்படும் விருதும், 2020-ல் பத்மபூஷணும்.

இப்போதும் தாட்கோவின் 'நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்' இருக்கிறது. ஆதிதிராவிடப் பெண் விவசாயத் தொழிலாளர்கள் நிலம் வாங்க மதிப்பில் பாதி, அதிகபட்சம் ஐந்து லட்சம் மானியம். ஆக, நிலம் வாங்க அரசு பணம் தராது என்பது உண்மையில்லை. விவசாய நிலத்துக்குத் தனி ஆளுக்குத் தருகிறது. ஊருக்குள் குடியிருக்கும் நிலத்துக்கு, கூட்டாகக் கேட்டால் தர இன்னும் கதவு திறக்கவில்லை.

தாய்லாந்து அந்தக் கதவைத்தான் 2003-ல் திறந்தது. 'பான் மங்கோங்' திட்டத்தில் குடிசைப் பகுதி மக்கள் முதலில் சேமிப்புக் குழு, பிறகு கூட்டுறவு சங்கம் அமைக்க வேண்டும். அரசு நிறுவனம் தனி ஆளுக்குத் தராமல் சங்கத்துக்குக் கடனும் மானியமும் தரும். சங்கம் நிலத்தை வாங்கும் அல்லது குத்தகைக்கு எடுக்கும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படி நிலைத்தன. சேமிப்புக் குழு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? சுய உதவிக் குழுதான். தேனியில் குழுவில் இல்லாத தெருவைக் காட்டுங்கள் பார்ப்போம். ஊராட்சி அளவில் கூட்டமைப்பு இருக்கிறது. சமுதாய முதலீட்டு நிதி என்று அரசுப் பணத்தை வாங்கி, சுழற்றி, திருப்பிக் கட்டவைத்த அனுபவமும் அவர்களுக்கு இருக்கிறது. கறவை மாட்டுக்குக் கடன் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இருபது சென்ட் இடத்தைக் கூட்டாக நிர்வகிக்கத் தெரியாதா?

எங்கே இடிக்கும்?

தெரியும் என்று நான் நம்பினாலும், சில இடங்களில் கண்டிப்பாக இடிக்கும்.

முதல் கேள்வி அத்தையே கேட்டார். "விக்க முடியாதுன்னா அது என்னடா சொத்து? நாளைக்கு புள்ள கல்யாணத்துக்கு அவசரம்னா என்ன செய்யுறது?" நியாயமான கேள்வி. நம்மூரில் நிலம் என்பது வீடு மட்டுமில்லை. இன்ஷூரன்ஸ், பென்ஷன், நகைக்கு அடுத்த வங்கி எல்லாம் அதுதான். நில அறக்கட்டளை வீட்டில் பெரிய லாபம் பார்க்க முடியாது. ஆனால் ஒத்தியோடு ஒப்பிட்டால்? ஒத்தியில் லாபமும் இல்லை, நிலைப்பும் இல்லை. மேலே சொன்ன 9 லட்சம் கணக்கைச் சொன்னதும், "கட்டுனதுக்கு மேலயே வருமா?" என்று கொஞ்சம் யோசித்தார்.

இரண்டாவது, சாதி. 'ஊர்' என்று எழுதும்போது சுகமாக இருக்கிறது. ஊர் என்றால் யார்? தேனி மாவட்டத்தில் ஊரும் காலனியும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. அறக்கட்டளை என்ற பெயரில் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சாவியை வைத்துக்கொண்டால், பஞ்சமி நிலத்துக்கு நேர்ந்ததே வேறு ரூபத்தில் நேரும். குடியிருப்பவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, குழுவில் எத்தனை இடம் என்பது விதியிலேயே எழுதப்பட வேண்டும். இதில் சமரசம் செய்தால் மொத்தமும் வீண் என்பது என் கருத்து.

மூன்றாவது, பராமரிப்பு. பூதான நிலங்கள் பல மாநிலங்களில் ஆக்கிரமிப்பிலும் கோர்ட்டிலும் கிடக்கின்றன. அசாம் 2022-ல் தன் பூதான, கிராமதானச் சட்டங்களையே ரத்து செய்துவிட்டது. நல்லெண்ணத்தில் எழுதி வாங்கிய நிலத்தை அளந்து, கல் நட்டு, வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள ஆளும் சம்பளமும் இல்லாவிட்டால் இதுதான் கதி. பொதுப்பணம் நிலம் வாங்க மட்டுமல்ல, அந்த ஒரு எழுத்தர் சம்பளத்துக்கும் வேண்டும்.

நான்காவது, வங்கி. நிலம் உங்கள் பெயரில் இல்லையென்றால் மேனேஜர் வீட்டுக்கடன் விண்ணப்பத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஒடிசா மாதிரி 'அடமானம் வைக்கலாம், விற்க முடியாது' என்று சட்டமே சொன்னால்தான் இது நகரும். அதனால்தான் இது தொண்டு நிறுவனங்களால் மட்டும் ஆகிற காரியமில்லை. சட்டமன்றம் வரை போக வேண்டியது.

அப்படியென்றால் எங்கே தொடங்கலாம்?

புது நிலம் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. நகராட்சிக்கும் வருவாய்த் துறைக்கும் ஊருக்குள்ளேயே நிலம் உண்டு. அதில் ஒரு துண்டை ஏலம் விட்டு வணிக வளாகம் கட்டாமல், பதிவு செய்த குடியிருப்போர் கூட்டுறவு சங்கத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுக்கலாம். நிலம் அரசிடமே இருப்பதால் யாரும் விற்க முடியாது. 'சொந்த இடம் வேண்டும்' என்ற நிபந்தனையில், இப்படிப்பட்ட சங்கத்தின் குத்தகைப் பத்திரமும் செல்லும் என்று ஒரு வரி சேர்த்தால், ஏற்கெனவே ஒதுக்கிய வீட்டு மானியமே உள்ளே வரும்.

அடுத்த சாலை, அடுத்த பஸ் நிலையம், அடுத்த கல்லூரி அறிவிப்பு வரும்போதே பக்கத்தில் எத்தனை குடும்பங்கள் ஒத்தியிலும் வாடகையிலும் இருக்கின்றன என்று கணக்கெடுத்து, விலை ஏறும் முன் சில ஏக்கரைத் திட்டச் செலவிலேயே சேர்த்து வாங்கிவிடலாம். ரயில்வேக்கும் நெடுஞ்சாலைக்கும் நிலம் எடுக்கிற அதே தாசில்தார் அலுவலகம்தான், அதே சர்வேயர்தான்.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. கிராமசபை இப்போது வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது. நகரங்களில் ஏரியா சபை வந்திருக்கிறது. 'எங்கள் வார்டில் உள்ள புறம்போக்கு, நகராட்சி நிலங்களின் பட்டியல் வேண்டும்' என்று ஒரு தீர்மானம் போட எந்தச் சட்டமும் மாற வேண்டாம். பட்டியல் கையில் வந்தால்தான் எந்த இடம் ஜீப் நிற்கிற முக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கவே முடியும்.

அத்தையின் குழுவில் பதினான்கு பேர். அதில் ஒன்பது பேர் ஒத்தியிலோ வாடகையிலோ இருக்கிறார்கள். இதைப் படித்துக் காட்டினேன். "சபைக்கு எந்தத் தேதின்னு மட்டும் முன்னாலேயே சொல்லிரு. அன்னைக்கு தோட்டத்துக்கு லீவு சொல்லணும்" என்றார்.